நீலப் பஸ்

ஈப்போவில் ஓடிய பஸ்களைப் பற்றி நான் எழுதிவைத்திருக்கும் நோட்டுப் புத்தகங்கள் இப்போது ஏழு ஆகிவிட்டன. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: தடம், நிறம், எங்கிருந்து எங்கே, எப்போது நின்றது. சில ஆண்டுகளாகக் கடைசிக் கட்டத்தில்தான் எனக்கு வேலை. ஆதாரம் இல்லாத தேதியை எழுதுவதில்லை என்று ஒரு பிடிவாதம் உண்டு. கோயில் திருவிழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் யாரோ குறித்த பஸ் நேரம், பள்ளி ஆண்டுமலரில் மாணவர்களுக்குப் பின்னால் தற்செயலாக விழுந்த ஒரு பஸ்ஸின் பாதி உடல், இப்படி எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஒரு தேதிக்குப் போய்ச் சேருவேன்.

ஒரே ஒரு நாளுக்கு மட்டும் ஆதாரம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேதி போட்ட கடிதத்தை வாசித்துக் காட்டியவளே நான்தான். நோட்டில் அதை இன்னும் எழுதவில்லை.

அப்போது நாங்கள் ஈப்போவுக்கு வடக்கே செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பஸ் கம்பெனிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சிவப்பு ஈப்போவுக்கு, பச்சை தஞ்சோங் ரம்புத்தானுக்கு, மஞ்சள் சுங்கை சிப்புட்டுக்கு. தோட்டத்தில் யாரும் ஈப்போ பஸ் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "செவப்பு போயிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, எந்த மொழியிலும் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஈப்போ சந்தைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் தனியாகவே போய்வருவார். ஒருநாளும் வழி தவறியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்கின்றன, எல்லாப் பஸ்களுக்கும் ஒரே நீலம் அடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. படித்தவர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. படிக்காதவர்களுக்கோ, அதுவரை அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த ஒரே எழுத்தையும் யாரோ அழித்துவிட்டுப் போனதுபோல் ஆயிற்று. ஒரே நாளில் எல்லாப் பஸ்ஸும் மாறவும் இல்லை. சில மாதங்கள் பழைய சிவப்பும் பச்சையும் புது நீலத்தோடு கலந்து ஓடின. எது எங்கே போகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மாதங்களில்தான் அத்தைக்குக் கடிதம் வந்தது.

அத்தையும் அப்பாவும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லயத்து வீட்டில், ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள். அப்பா பிறந்ததை யாரோ போய்ப் பதிந்திருந்தார்கள். அத்தை பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் அப்பாவிடம் இருந்தது குடிமக்களுக்கான நீல ஐசி, அதாவது அடையாள அட்டை. அத்தையிடம் இருந்தது சிவப்பு ஐசி. பிறந்த மண்ணை விட்டு ஒருநாளும் வெளியே போகாத அத்தை, காகிதத்தின்படி வந்து தங்கியிருப்பவர். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு. விற்றால் நீல ஐசி உள்ளவர்கள் மலிவு விலை வீட்டுக்கு மனுப்போடலாம். சிவப்புக்கு எதுவும் கிடையாது. அத்தை விதவை, பிள்ளை இல்லை. குடியுரிமைக்கு எழுதிப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஈப்போ அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வர வேண்டும், மலாய் மொழியில் நேர்காணல் நடக்கும் என்றது அந்தக் கடிதம். நான் வாசித்து முடித்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

அன்று முதல் வீட்டில் தினமும் ஒத்திகை. அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, குரலைத் தடித்ததாக்கிக்கொண்டு, "நாமா?" என்று பெயரைக் கேட்பார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"சிரிச்சா கார்டு குடுக்க மாட்டான்க்கா."

"நீ மொதல்ல ஆபீசர் மாரி மூஞ்சிய வை. கோழி திருடன் மாரி உக்காந்துகிட்டு என்னையச் சொல்ல வந்துட்டான்!"

சந்தையிலும் கடையிலும் அத்தை மலாய்க்காரப் பெண்களோடு சரளமாகப் பேசுவார், சண்டையும் போடுவார். ஆனால் அதிகாரியின் முன்னால் பேசுவது வேறு என்று பயம். "சாயா லாஹிர் டி சினி", நான் இங்கேதான் பிறந்தேன் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் பால்மரங்களுக்கு நடுவே, பாத்திரம் கழுவும்போது, படுக்கும் முன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு மரம் வெட்டும், அதாவது ரப்பர் பால் எடுக்கும் வேலை, விடுப்பு இல்லை. பலகை படிக்க என்னை அனுப்புவது என்று முடிவானது. "ஈப்போன்னு போட்டிருந்தாத்தான் ஏறணும். நீதான் அத்தைக்குக் கண்ணு," என்று அப்பா இரண்டு முறை சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம், என் முகத்துக்குப் பவுடர், அத்தைக்குத் தீபாவளிச் சேலை. கிளம்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. செமோர் பஸ் நிறுத்தத்தை அடைந்தபோது ஏழே முக்கால். வானம் கறுத்துக் கிடந்தது, சூரியனைக் காணவே இல்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிய நீலப் பஸ்ஸில் ஒவ்வோர் இருக்கைக்குப் பக்கத்திலும் மணி அடிக்க ஒரு பொத்தான் உண்டு என்று என் வகுப்புப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். பழைய சிவப்புப் பஸ்ஸில் மணி கண்டக்டருக்கு மட்டும்தான். அவள் மூன்று முறை அழுத்தினாளாம். ஒவ்வொரு முறையும் பஸ்ஸே நின்றதாம். இதை அவள் சொன்ன விதத்தை நான் பல இரவு மறக்கவில்லை.

முதலில் வந்தது நீலப் பஸ். புதுச் சாயம், மழையில் நனைந்து மின்னியது.

"பாத்தியா பாப்பா, நீலம்!" அத்தை என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நீல கார்டு வாங்கப் போறப்ப நீல பஸ்ஸு. நல்ல சகுனம்லா. எந்த ஊருன்னு போட்டிருக்கு?"

பலகை தெளிவாகவே இருந்தது. தஞ்சோங் ரம்புத்தான். எனக்குப் படிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. வகுப்பில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான்.

"ஈப்போ, அத்தை," என்றேன்.

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்தும் ஈப்போவுக்குப் பஸ் உண்டு என்பது எனக்குத் தெரியும். சுற்றிப் போனாலும் போய்விடலாம் என்று ஒரு கணக்கு மனத்தில் ஓடியது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு பொய்க்குப் பிறகுதான் வந்தது. பஸ் நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்துக்குப் பழைய சிவப்புப் பஸ் வந்துகொண்டிருந்தது.

கண்டக்டர் தமிழர். முன்னாலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டு எங்களிடம் வருவதற்குள் பஸ் பாதி வழி வந்துவிட்டது.

"ரெண்டு ஈப்போ, அண்ணே."

"ஈப்போவா? இது தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸுக்கா!"

அத்தை எழுந்துவிட்டார். "ஐயோ, பத்து மணிக்கு நீல ஐசிக்குக் கூப்புட்டிருக்காங்க..."

"நீல ஐசிக்கா அங்க போறீங்க?" கண்டக்டர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார். "அங்க வேற கார்டுலா குடுப்பான்! வாங்கிட்டா வெளியவும் விட மாட்டான்!"

பஸ் முழுவதும் சிரித்தது. தஞ்சோங் ரம்புத்தான் என்றால் பேராக் மாநிலத்தில் எல்லோருக்கும் மனநல ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். ஊரில் யாரைத் திட்டினாலும் அங்கேதான் அனுப்புவார்கள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் கண்டக்டருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. இந்த மழையில் நடுக்காட்டில் இறங்கி நிற்க வேண்டாம், கடைசிவரை வாருங்கள், அங்கிருந்து ஈப்போ பஸ் பிடித்தால் ஒன்பதரைக்குள் போய்விடலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, பள்ளிக்கூடம் போறியா இல்லையா? போர்டு படிக்கத் தெரியாதா?"

அத்தைதான் பதில் சொன்னார். "சின்னப் புள்ளைண்ணே. கண்ணுல வெயில் அடிச்சிருக்கும்."

தப்பித்தேன் என்று இருந்தது. அத்தை நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் எழுந்தபோது நான் பொத்தானை அழுத்தினேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "கடைசி ஸ்டாப்புல எவன்டா அமுக்குறது?" என்று கத்தினார். அது மணிபோல்கூட ஒலிக்கவில்லை. தொண்டை கட்டியவர் இருமுவதுபோல் ஒரு சத்தம்.

அரை மணிக்கு ஒன்றாக ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்த பச்சைப் பஸ்ஸை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தத் தடத்துக்குப் புதிதாக வந்த கண்டக்டருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. புதிய நேரப் பட்டியலைத் தூணில் ஒட்டியிருந்தார்கள். அடுத்த பஸ் ஒன்பதே முக்காலுக்கு. அதை உரக்கப் படித்துச் சொன்னவளும் நான்தான். இந்த முறை சரியாகப் படித்தேன். ஒரு டாக்சி நின்றது, நான்கு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். நாங்கள் ஒன்றரைப் பேர். வேறு யாரும் வரவில்லை. அத்தை கடிதத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பஸ் வரும் பக்கமே பார்த்தபடி, உதடு மட்டும் அசைய அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயா லாஹிர் டி சினி. சாயா லாஹிர் டி சினி.

அலுவலகத்தை அடைந்தபோது பதினொன்று அடித்துவிட்டது. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள், அதிகாரி இன்றைய பட்டியலை முடித்துவிட்டார், ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், புதிய தேதி தபாலில் வரும் என்றாள். அவள் சொன்னபடி மலாயில் நான் எழுதினேன், அத்தை கட்டைவிரல் வைத்தார். வெளியே வரும்போது அந்தப் பெண்ணிடம் அத்தை நன்றி சொன்னார். அத்தனை நாள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"பஸ்ஸு ரோசாக் ஆயிருச்சுடா," என்றார் அத்தை. "நடு ரோட்டுல நின்னுருச்சு. என்ன செய்ய?"

பழுதான பஸ்ஸையும், அதற்கு நீலச் சாயம் அடித்தவனையும், அவன் பரம்பரையையும் அப்பா இரவுச் சாப்பாடு வரை திட்டினார். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை அதுதான் வரலாறு. அத்தையின் நீல ஐசியைக் கெடுத்தது பழுதாகிப்போன ஒரு பஸ்.

புதிய தேதிக்காக அத்தை தினமும் தோட்ட ஆபீசில் தபால் விசாரித்தார். அடுத்த ஆண்டுக் கடைசியில் தோட்டம் விற்கப்பட்டது. ஆபீசைப் பூட்டினார்கள், பிறகு இடித்தார்கள். தேதி போட்ட கடிதம் ஒன்று அந்த முகவரிக்கு வந்ததா, வந்து ஆளில்லாமல் திரும்பியதா, வரவே இல்லையா என்று கண்டுபிடிக்க நான் எடுத்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. அப்பாவுக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. அத்தைக்கு அந்த வீட்டில் சமையலறையை ஒட்டிய மூலை கிடைத்தது. ஒரு பாய், ஒரு பெட்டி, பதினேழு ஆண்டுகள். மறுபடி எழுதிப்போடலாம் என்று யாராவது சொன்னால், "போதும்லா," என்பார். அவருடைய இறப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. அதிலும் அவர் குடிமகள் இல்லை. பிறந்ததற்கு ஓர் ஆதாரமும் இல்லாத மனுஷிக்கு, இறந்ததற்கு நிமிடம் வரை ஆதாரம் இருக்கிறது.

அந்த நீலமும் நிலைக்கவில்லை. கம்பெனி கைமாறியது, நிறம் மாறியது, கண்டக்டர்கள் போனார்கள், எண்கள் வந்தன, எண்களும் மாறின. வெளியூர்ப் பஸ்களை ஊருக்கு வெளியே மேருவுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்பு, வாசலுக்கு வாசல் கார். அங்கே பஸ் நிறுத்தம் என்று ஒரு கூரை மட்டும் நிற்கிறது, அதன் அடியில் எந்தப் பஸ்ஸும் வருவதில்லை. நோட்டும் கையுமாக நான் மேடான் கிட் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் காலைகளில், என்னோடு காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கிழவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும்தான். சில சமயம் அவர்களில் ஒருவர் வந்து, இது எங்கே போகிறது என்று கேட்பார். எழுந்துபோய்ப் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு வந்துதான் சொல்வேன். சொன்ன பிறகும் பஸ் கிளம்பும்வரை பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை பேருக்குச் சரியாகச் சொன்னாலும் அந்த ஒரு பஸ் திரும்பி வரப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து, அத்தையும் நானும் அதே செமோர் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். கோயிலுக்கா சந்தைக்கா என்பது நினைவில்லை. நல்ல வெயில். ஒரு நீலப் பஸ் வந்தது. பலகை பளிச்சென்று தெரிந்தது, நான் அதற்குள் மனத்தில் படித்தும்விட்டேன். அத்தை ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியை விடாமலேயே மறுபக்கம் திரும்பி, காய்கறிக் கூடையோடு நின்ற சீனக் கிழவியிடம், "இனி பஸ் பெர்கி மானா?", இந்தப் பஸ் எங்கே போகிறது என்று மலாயில் கேட்டார். கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஈப்போ என்றாள். அத்தை தலையசைத்துவிட்டு என்னைத் தூக்கிப் படியில் ஏற்றினார்.

அதன் பிறகு கடைசிவரை அவர் என்னிடம் எந்தப் பலகையையும் படிக்கச் சொல்லவில்லை. என் மேல் கோபப்படவும் இல்லை. அன்று பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, இனி இந்த வேலை நமக்கு இல்லை என்று காலை ஆட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.