எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூசினேன்

2006 மார்ச் 10, வெள்ளி. தோட்டத்தில் சம்பள நாள். பதினொரு மணிக்கு ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, மனைவியுடன் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன். திங்கட்கிழமை பரீட்சை எழுதும் மகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வேண்டும்.

முதலில் சீனி வாங்க சுப்பர் மார்க்கட்டில் நுழைந்தோம். சீனியைக் கடைக்கோடியில் வைத்திருக்கிறார்கள். அங்கே போவதற்குள் பிஸ்கட்டும் 'இரண்டுக்கு ஒன்று இலவச' சவர்க்காரமுமாகத் தள்ளுவண்டி நிறைந்துவிட்டது.

கவுண்டரில் தொகையைக் கேட்டு மனைவி பதறினாள். "கண்ணாடிக்குக் காணாதுங்க. பாதியத் திருப்பி வச்சிருங்க."

"சும்மா இரு. எடுத்த சாமானத் திருப்பி வச்சா நம்மள மதிப்பானா?"

எங்கள் தோட்டத்துக் கடையில் கட்டிய சாமானை வேண்டாமென்பது முதலாளியை அவமதிப்பது. அந்தப் பழக்கத்தில் காசை நீட்டினேன். கண்ணாடி வாங்காமலே திரும்பினோம்.

வீட்டில் புத்தகத்தை மூக்கருகே பிடித்திருந்த மகள், "பிஸ்கட்ட வச்சா பரீட்சை எழுதுறது, அப்பா?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டது. அந்தக் கடைக்காரர்கள் என் கையாலேயே எடுக்க வைத்து, என் மானத்தையே காவலுக்கும் வைத்துவிட்டார்களே! இப்போதெல்லாம் நான் தள்ளுவண்டியைத் தொடுவதில்லை. வேண்டாததைப் பத்துப் பேர் பார்க்கத் திருப்பி வைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை முதல் வேலையாக, பிரிக்காத பொட்டலங்களோடும் பில்லோடும் அந்த சுப்பர் மார்க்கட் வாசலில் நின்றேன். முடியாது என்று மனேஜர் சிங்களத்தில் சொன்னார். நானும் சிங்களத்திலேயே சத்தம் போட்டு, காசைக் கையில் வாங்கிய பிறகே கண்ணாடிக் கடைக்கு நடந்தேன்.