ஏழு விநாடியில் எழுதிய எண்

அந்த அறையில் காலையில் பதினொரு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. மத்தியானம் எட்டுதான் மிஞ்சின. மற்ற மூன்றில் ஒன்றின் கால் முறிந்தது, ஒன்றின் முதுகு பிளந்தது, மூன்றாவது ஒரு மனிதனின் தலையில் இறங்கி இரண்டாகப் போனது. ஒரு இணையச் செயலியைச் சோதித்துப் பார்க்கத்தான் நாங்கள் அங்கே போயிருந்தோம்.

செயலி என் மகளுடையது. அவளுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் அடிபடும் பெண்கள் வெளியே தெரியாமல் கைத்தொலைபேசியில் முறைப்பாடு எழுதி அனுப்பலாம். அது ஒரு உதவி அமைப்புக்குப் போகும். அங்கிருந்து ஆள் தேடி வருவார். சிங்களத்தில் சீகிரியாப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்யும் பெண்களிடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. பெரிய பிழை ஒன்றும் வரவில்லை. தமிழில் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதற்காக இரத்தோட்டையில் ஒரு கடைக்கு மேலே இருந்த மண்டபத்தையும் போய்வர ஒரு வேனையும் வாடகைக்கு எடுத்தாள். நான் மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் புள்ளிவிபரப் பகுதியில் இருந்தவன். ஆகவே குறிப்பெடுக்கும் வேலை எனக்கு.

"அப்பா, நீங்கள் எண்ணினால் போதும். வாய் திறக்கக் கூடாது," என்றாள். "எத்தனை விநாடி யோசிக்கினம், எத்தனை தரம் பிழையான இடத்தைத் தொடுகினம், அவ்வளவுதான். கேட்டாலும் உதவி செய்யாதேங்கோ. உதவி செய்தால் செயலியில பிழை எங்கை எண்டு தெரியாமல் போயிடும்."

எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. அந்த இடமும் பிடிக்கவில்லை. படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. மின்விசிறி தலைக்கு மேல் தள்ளாடியது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதை மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

"ஆரப்பா வரப்போகினம்?" என்றாள்.

முதலில் உட்கார்ந்தவளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கொழுந்து எடுத்து எடுத்து விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. திரையை ஒன்பது தரம் தொட்டதில் நான்கு தரம்தான் பதிந்தது. மகள் அவளிடம் தோட்டத்துப் பேச்சில் சொன்னாள்: "அக்கா, உங்கள யாரோ அடிச்சதா நினைச்சுக்கங்க. அத இதுல எழுதி அனுப்பணும்."

"நினைக்கணுமா மிஸ்? முதுகைக் காட்டவா?"

சுவரோரம் காத்திருந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள். எத்தனை முறை அடித்தார் என்று செயலி கேட்டது. ஒரு தடவை, சிலவேளை, அடிக்கடி என்று மூன்று விடைகள் இருந்தன. அவள் மூன்றையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"சம்பள நாள்ல மட்டும்னு ஒண்ணு போடுங்க மிஸ். எங்க ஆளு முறை தப்ப மாட்டாரு."

"அப்ப தீவாளிக்கு?" என்று சுவரோரத்தில் ஒருத்தி கேட்டாள்.

"தீவாளிக்கு போனஸ்!"

மறுபடியும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அவள் முன்பற்களில் இரண்டு இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

தொலைபேசி எண்ணைக் கேட்டபோது அவள் திணறினாள். ரவிக்கைக்குள் இருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, கொழும்பில் வீட்டு வேலை செய்யும் மகளுடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து அடித்தாள். நூற்று நாற்பது விநாடி. என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த இடம் கடினமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று எழுதச் சொன்னாள்.

அடுத்து வந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நான்கு வயதுப் பெண் குழந்தையை லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கம்ப்யூட்டர் பழக்குகிற கூட்டம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். கணவன் முச்சக்கர வண்டி ஓட்டுபவன். அவன்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரே தேநீர்க் கடையில் காத்திருந்தான். அவள் கையில் சிம் இல்லாத ஒரு பழைய போன். அதை எங்கள் இணைய இணைப்பில் சேர்த்துக் கொடுத்தோம்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தாக்கியவர் யார், எதனால் தாக்கினார், பிள்ளை பார்த்ததா என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள். தொலைபேசி எண் வந்ததும் நிற்கவே இல்லை. பத்து இலக்கம், ஏழு விநாடி. மகள் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாள், அவ்வளவு சந்தோஷம். நானும் அந்த எண்ணுக்கு நேரே ‘மிக நன்று’ என்று எழுதினேன்.

ஏன் அவ்வளவு வேகம் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது. அந்த லயங்களில் அநேகமாக வீட்டுக்கு ஒரே எண்தான். பிள்ளைக்கு ஊசி போடும் இடத்தில், பாலர் பாடசாலையில், தோட்டத்து ஆபிசில், எங்கே கேட்டாலும் பெண்கள் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். வருடக்கணக்காகச் சொல்லி அது நாக்கிலும் விரலிலும் பதிந்துவிட்டது. அந்த எண்ணுள்ள போன் இருப்பது கணவனின் சட்டைப் பையில். சீகிரியாவில் சோதித்த பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் சொந்த எண் இருந்தது. அதனால் அங்கே இது பிடிபடவில்லை. முறைப்பாடு கிடைத்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, எழுதிய எல்லாவற்றையும் குறுஞ்செய்தியாகத் திருப்பி அனுப்பும்படி என் மகள் செய்திருந்தாள். இப்போது அந்தச் செயலியில் எண்ணைக் கேட்பதற்கு முன்பே, இந்த போன் யார் கையில் இருக்கும் என்று ஒரு கேள்வி வருகிறது. செய்தி எதுவும் தானாகப் போவதில்லை.

அன்றைக்குப் போனது.

பத்தொன்பது படிகளையும் அவள் கணவன் இரண்டிரண்டாகத் தாவி வந்திருக்க வேண்டும். கதவு சுவரில் மோதி, காரை உதிர்ந்தது. ஒல்லியான ஆள். கையில் போனைப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"தாக்கியவர் கணவர். தாக்கிய பொருள் பெல்ட். பிள்ளை முன்னால், ஆம்." நிமிர்ந்தான். "யாருடி இத எழுதினது? ம்? யாரு எழுதினது?"

அவள் எழுந்திருக்கும் முன்பே கூந்தலைப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தான். மடிக்கணினி விழுந்தது. இரண்டாவது அடியில் அவள் புருவம் கிழிந்தது. நான் அவன் தோளைப் பிடித்தேன். "போய்யா கெழவா" என்று முழங்கையால் என்னை நெஞ்சில் இடித்தான். நான் நாற்காலியோடு சுவரில் விழுந்தேன். இரண்டு விலா எலும்புகளில் வெடிப்பு என்று மறுநாள் படம் எடுத்தபோது சொன்னார்கள். கீழே கிடந்தபடி எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்று, நான்கு, ஐந்து.

"அண்ணே! அண்ணே, நிறுத்துங்க!" மகள் அவன் கையில் தொங்கினாள். "இது சும்மா பயிற்சி. பொய்யா எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். எல்லாம் பொய்!"

அவன் கை நின்றது. கூந்தலை விடவில்லை. அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"மிஸ் பொய்னு சொல்றாங்க. நீ சொல்லு. பொய்தானே?"

எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோம். பல் இல்லாத அக்காகூடக் கண்ணைக் காட்டினாள். "பொய்னு சொல்லிரு புள்ள. சொல்லிட்டு வீட்டுக்குப் போ." சொல்லியிருந்தால் அவளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். லயத்தில் கதவைச் சாத்தியபிறகு என்ன நடந்திருக்கும் என்பதைக் கேட்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டோம்.

இரத்தம் புருவத்திலிருந்து வாய்க்குள் இறங்கியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குப் பொய்யா எழுதத் தெரியல மிஸ். முந்தாநாள் நடந்தத எழுதிட்டேன்."

அவன் அவளைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். உதைக்கக் காலை ஓங்கினான். அப்போது அந்த அக்கா ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி அவன் உச்சியில் இறக்கினாள். நாற்காலி பிளந்தது. அவன் மண்டியிட்டான். அவள் கையில் மிஞ்சிய பாதியால் மறுபடியும் அடித்தாள். "இது ஓம் பொண்டாட்டிக்கு. இது எனக்கு. எங்க ஆளுக்குக் குடுக்க முடியாதத நீ வாங்கிக்க!" மற்றப் பெண்களும் அவன்மேல் பாய்ந்தார்கள். செருப்பு, குடைக் காம்பு, தண்ணீர்ப் போத்தல். கீழ்க்கடை ஆட்கள் நான்கு பேர் ஓடிவந்து, முதலில் அவனைக் காப்பாற்றி, பிறகு யார் என்ன என்று கேட்டறிந்து, அவன்மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். பொலிசுக்குச் சொல்லியாயிற்று.

போனைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. குப்புறக் கிடந்தபடியே பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடித்து, தாயைக் கூப்பிடச் சொல்லி அவன் கத்தினான். "அம்மா! புள்ளைய யாருக்கும் குடுக்காத! கதவச் சாத்து!"

அதுவரை சுவரில் சரிந்து கிடந்தவள் அதைக் கேட்டு எழுந்தாள். "எம்புள்ள," என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி எங்கயும் ஓடாதுங்க ஐயா," என்றாள் அக்கா. "வேன எடுக்கச் சொல்லுங்க."

வேனில் என் மகள் கொழும்புக்கு அழைத்து, செய்திகள் போவதை இந்த நிமிடமே நிறுத்து என்று சிங்களத்தில் அலறினாள். அந்தப் பக்கம் இருந்தவன் ஏதோ காரணம் கேட்டான். "காரணம் என் பக்கத்தில் இருக்கிறது, இரத்தம் வடிந்துகொண்டு" என்றாள்.

லயத்தில் கதவு சாத்தியிருந்தது. அக்கா உதைத்தாள்; மூன்றாவது உதைக்குத் திறந்தது. மாமியார் ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் கவ்வாத்துக் கத்தியையும் பிடித்திருந்தாள். தேயிலைச் செடியின் கட்டைக் கிளையை ஒரே வெட்டில் துண்டாக்கும் கத்தி அது.

"எம்மகன பொலிசுல புடிச்சுக் குடுத்துட்டு புள்ள கேட்டு வந்தியா? கிட்ட வா, வெட்டிருவேன்!"

அவள் கிட்டப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் மாமியாரின் மணிக்கட்டில் பற்களைப் பதித்திருந்தாள், விடவில்லை. கிழவி ஊளையிட்டாள். கத்தி சாணித் தரையில் விழுந்தது. குழந்தையின் ஒரு கையைக் கிழவியும் மற்றக் கையைத் தாயும் இழுத்தார்கள். குழந்தை வீறிட்டதும் தாய்தான் பிடியை விட்டாள். அந்த நேரத்தில் அக்கா கிழவியை நெஞ்சில் தள்ளிக் குழந்தையைப் பிடுங்கினாள்.

வேன் திரும்பும்போது அவன் உறவுக்காரர்கள் எறிந்த கற்கள் வந்தன. ஆறு. இரண்டு பட்டன. பின்கண்ணாடி முழுதும் விரிசல் விட்டு, ஆனால் உதிராமல் நின்றது.

அவள் அந்த லயத்துக்குத் திரும்பவில்லை. வழக்கு நடக்கிறது. அவளும் பிள்ளையும் இப்போது இருக்கும் ஊரை நான் எழுத மாட்டேன். அவன் பிணையில் வெளியே வந்து இரண்டு தரம் மாத்தளையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினான். கதவுக்கு இப்போது மூன்று தாழ்ப்பாள்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் மகள் அவள் காலடியில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதாள். "என்னாலதான். நான் செஞ்சதாலதான். என்னை மன்னிச்சுக்கங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அவள் குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றில் புதைத்து, தலையில் கட்டிய என் துவாய்த் துண்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். வீங்கிய உதட்டால் மெதுவாகச் சொன்னாள்.

"அப்புறமா அழுங்க மிஸ். புள்ள பயப்புடுது."

மாத்தளை வரும்வரை என் மகள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு இருந்தாள்.