பல்லாவரத்துக்குத் திரும்பிப் போன கோல்

போன வாரம் தாம்பரம் வண்டியில் பக்கத்து சீட்டு இளைஞர் செல்போனில் ஹாக்கி பார்த்துக்கொண்டு வந்தார். நானும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து போனைத் திருப்பிக்கொண்டார். அவர் கை லேசாக மூடித் திறந்தது. கோல் விழுந்துவிட்டது போலிருக்கிறது. யார் போட்டது என்று கேட்டேன். ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றி, "இண்டியா, ஆன்ட்டி" என்றார். மறுபடி செருகிக்கொண்டார். எதிரே ஒரு அம்மா கமலா ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் பல்லாவரம் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பாரிமுனையில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் நான். கல்லூரி ஹாக்கி டீமில் லெஃப்ட் விங் ஆடியவள். வேலை கிடைத்ததும் ஸ்டிக் பரணுக்குப் போனது. முருங்கைக் கிளையை வளைத்துப் பிடிக்க மட்டும் அம்மா அதை இறக்குவாள். அப்போதுதான் எழும்பூர் ஸ்டேடியத்தில் வெளிநாட்டு அணிகளெல்லாம் வந்து ஆடும் பெரிய போட்டி ஒன்று வந்தது. நம் ஊரில், நான் தினமும் தாண்டிப் போகிற ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்! பர்மிஷன் கேட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஹாக்கியா என்று மட்டும் கேட்டார். நான் டைப்ரைட்டருக்கே திரும்பிவிட்டேன்.

நாங்கள் போன மீட்டர் கேஜ் வண்டியில் லேடீஸ் பெட்டிக்கும் ஜெனரல் பெட்டிக்கும் நடுவே ஒரு கம்பி வலைத் தடுப்புதான் இருக்கும். வலைக்கு அந்தப் பக்கம் சாமுவேல் அண்ணா தினமும் ஒரே இடத்தில் நிற்பார். அதற்குக் காரணம் உண்டு. பல்லாவரத்தில் அவர் இறங்கும்போது, அவர் மனைவி எஸ்தர் அக்கா எங்கள் பெட்டியில் ஏறுவார். அக்கா சானடோரியம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ். வண்டி நிற்கிற அரை நிமிஷத்துக்குள் குழந்தை அக்கா தோளிலிருந்து அண்ணா தோளுக்கு மாற வேண்டும். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்த அரை நிமிஷத்தில்தான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அன்றைக்கு அண்ணா கையில் டிரான்சிஸ்டர் இருந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்று, இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்கிற மேட்ச். எதிரணி ஹாலந்து என்று நான் சொல்வேன். அன்று கூட வந்த என் தோழி இன்றைக்கும் ஜெர்மனி என்று சத்தியம் செய்வாள். எழும்பூர் தாண்டும்போது ஸ்டேடியத்து வெளிச்சம் தெரிந்தது. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அப்போது நாம் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம்.

ஓடுகிற மின்சார ரயிலுக்குள் ரேடியோ கரகரவென்றுதான் கேட்கும். வண்டி நின்றால்தான் வர்ணனை தெளியும். அதனால் நாங்கள் கேட்டது ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒரு மேட்ச். மாம்பலத்தில் பந்து நம்மிடம் இருந்தது. சைதாப்பேட்டையில் அவர்களிடம். கிண்டியில் ஒரே ஆரவாரம், ஆனால் இங்கிலீஷும் இந்தியும் மாறி மாறி வரும் வர்ணனையில் அது எங்களுக்குப் புரியாத இந்தி நேரம். கோல் எப்போதும் இந்தியில்தான் விழும். போட்டது யார் என்று தெரியாமல் பரங்கிமலை வரை இரண்டு பெட்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அங்கே இங்கிலீஷ் வந்தது. ஒன்றுக்கு ஒன்று. வலைக்கு இரண்டு பக்கமும் கைதட்டினோம். அதுவரை முகம் பார்த்துப் பேசாத ஆண்களிடம் நான் பாட்டுக்குப் பெனால்டி கார்னரை விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தோல் பதனிடும் வாடை வந்தது. பல்லாவரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டம் முடிய இன்னும் ஏழெட்டு நிமிஷம் இருந்தது. ரேடியோ இறங்கிப் போகப் போகிறதே என்று எல்லோரும் அண்ணாவையே பார்த்தோம். அவர் இறங்காமல் இருக்க முடியாது. குழந்தை காத்திருக்கிறது. அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு ரேடியோவை அக்கா கையில் திணித்தார். "இவங்க கேக்கட்டும், எடுத்துட்டுப் போ" என்றார். கதவருகே நின்ற என்னை அவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அந்த மேட்ச் அவருக்கு அங்கேயே நின்றுபோனது.

அக்காவுக்கு ஹாக்கி தெரியாது. ஆனாலும் குழந்தையைப் பிடிக்கிற மாதிரியே ரேடியோவைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். குரோம்பேட்டையிலும் சமன்தான். சானடோரியத்தில் நானும் அக்காவும் இறங்க வேண்டும். இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் தாம்பரம் போக வேண்டிய இருபது முப்பது பேர் ரேடியோ பின்னாலேயே இறங்கி நிற்கிறார்கள்! வண்டி அவர்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைசி நிமிஷத்தில் பெனால்டி கார்னர். அக்கா வாட்சைப் பார்த்தார். மேட்ரன் திட்டுவார்கள் என்று முணுமுணுத்தார், ஆனால் நகரவில்லை. கோல்! இந்த முறை இங்கிலீஷிலேயே விழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது.

அக்கா மட்டும், "அவருக்கு யாருங்க சொல்றது?" என்றார். வீட்டில் போன் கிடையாது. ஒரே ரேடியோவும் இதோ இங்கே இருக்கிறது. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எதிர்ப் பக்கம் வந்த வண்டியில் ஏறிவிட்டேன்.

அண்ணா வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்திலேயே நடந்துகொண்டிருந்தார். யாராவது வருவார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ. நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முடிவைச் சொல்லாதம்மா. நான் எறங்குனதுலேருந்து சொல்லு."

குரோம்பேட்டையிலிருந்து ஆரம்பித்தேன். பெனால்டி கார்னர் வந்ததும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மதியம் சாப்பிடாமல் வைத்திருந்த கமலா ஆரஞ்சைத் தரையில் வைத்தேன். கையிலிருந்த குடை ஸ்டிக் ஆனது. இங்கிருந்து தள்ளினான், அங்கே நிறுத்தினான் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி ஒரு அடி. இரண்டு பெஞ்சுக்கு நடுவே போய்ச் சுவரில் மோதி ஆரஞ்சு வெடித்தது. பிளாட்பாரமெல்லாம் அந்த வாசனை. வேலைக்குச் சேர்ந்த பிறகு அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக ஹாக்கி ஆடினேன். குழந்தை விழித்துக்கொண்டு சிரித்தது. அண்ணா அழுதுகொண்டிருந்தார்.

மீட்டர் கேஜ் போய்விட்டது. வலைத் தடுப்பைக் காணோம். கண்ணை மூடிக்கொண்டால் பல்லாவரம் எது, குரோம்பேட்டை எது என்று மூக்கு சொல்வதில்லை. அண்ணாவும் அக்காவும் மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. கோல் விழுந்த நொடியே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

அந்த இளைஞர் குரோம்பேட்டையில் இறங்கிப் போனார். இண்டியா போட்டது சரி, எப்படிப் போட்டார்கள் என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். என்னிடமும் யாரும் அப்படிக் கேட்டு வெகுநாள் ஆகிறது. பையில் குடை இருந்தது. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.