தம்புள்ளை மலையில் செய்த சத்தியம்

செய்தி வந்தபோது என் கையில் ஊசி இருந்தது. புதன்கிழமை, தடுப்பூசி நாள். மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்து அங்கன்வாடியில் இன்னும் ஏழு குழந்தைகள் பாக்கி. போனில் ரமீஜாவின் தம்பி, "ஸ்டெல்லாக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றார். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஏழு குழந்தைகளுக்கும் போட்டு முடித்து, அட்டைகளில் தேதி எழுதி, மருந்துப் பெட்டியை மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். "ஐஸ் உருகறதுக்குள்ள வேலைய முடிடி, அழுவறத அப்புறமா அழுதுக்கலாம்" என்று இருபத்திரண்டு வருஷம் என்னை விரட்டியவளே அவள்தான். ஆனால் அப்புறமும் அழுகை வரவில்லை. ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அதற்குக்கூடத் தெம்பு மிஞ்சவில்லை போலிருக்கிறது.

ரமீஜா பேகம் என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. கூனிமேட்டு நர்சம்மா என்றால் தெரியும். நானும் அவளும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர்கள். மறைந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. வாடி போடி என்றே பழகிய எனக்கு அது கைக்கு வரவில்லை, மன்னியுங்கள்.

கூனிமேட்டில் அவள் வீட்டுக்குப் போனபோது உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். தாடையைக் கட்டியிருந்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்த பெண்ணுக்கு முடிச்சு விழவில்லை. நான் துணியை வாங்கிக் கட்டினேன். மாதா படம் போட்ட சங்கிலியோடு இவள் ஏன் தொடுகிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் மகள் ஷமீனா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

நான், "முதல்ல தண்ணி குடிம்மா" என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சலை உப்பளத்தில் கூடை தூக்குகிறவள். மார்பில் கட்டி இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி மூலமாகக் கேள்விப்பட்ட ரமீஜா, மறுநாள் காலையிலேயே வரப்பில் போய் நின்றுவிட்டாள். மே மாத வெயில். உப்பின் வெளுப்பில் கண்ணைத் திறக்க முடியாது. அஞ்சலை கூடையோடு வந்தாள், போனாள், இவள் பக்கம் திரும்பவே இல்லை. ரமீஜா அசையவில்லை. பதினோரு மணி வாக்கில் அஞ்சலை கூடையைப் போட்டுவிட்டு, "இன்னாம்மா வேணும் உனுக்கு?" என்று கத்தினாள். "நீதான் வேணும், வா பஸ்ஸுக்கு" என்று கையைப் பிடித்தவள் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் போய்த்தான் விட்டாள். அஞ்சலை இன்றைக்கும் கூடை தூக்குகிறாள். ரமீஜா இறந்த அன்று ஜனாஸா வீட்டு வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

பெண்கள் கூட்டத்தில் ரமீஜா எப்போதும் சொல்வது இது: "கட்டின்னு வந்தா கல்யாணப் பத்திரிக மாதிரி நாலு பேருக்குக் குடுத்துச் சொல்லு. நீ அத பொத்தி வெச்சா, அது உன்ன பொத்தி வெச்சிடும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பங்கிலிருந்து இலங்கை மடு மாதா கோவிலுக்குத் திருயாத்திரை ஏற்பாடு செய்தார்கள். ரமீஜாவும் எங்கள் மருந்தாளுநர் கமலாவும் என்னோடு ஒட்டிக்கொண்டார்கள். "நாங்களும் மரியம்மானு சொல்றவங்கதான், ஃபாதர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள் ரமீஜா. ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் மற்றவர்கள் கடைவீதிக்குப் போக, நாங்கள் மூவரும் ஒரு வேன் பிடித்துத் தம்புள்ளைக்குப் போனோம். அங்கே ஒரு மலை, மலை மேல் குகைகள், குகைக்குள் ஈராயிரம் வருஷத்துப் புத்தர் கோவில். போக வேண்டும் என்று நின்றது கமலா. "சாமி எதுவா இருந்தா இன்னா, மலை மேல இருந்தா ஏறிடணும்" என்பது அவள் கொள்கை.

எங்கள் ஊரில் உப்புக் குவியலைவிட உயரமான எதிலும் ஏறிப் பழக்கமில்லை. பத்துப் படிக்கு ஒரு தரம் ரமீஜா நின்றாள். முட்டிவலி என்று நினைத்தேன். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே ஏறினாள். அதைக் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. மேலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற பாறையில் நடந்தபோது நான் துள்ளினேன். "நம்ம அளத்துப் பொம்பளைங்க தெனம் நிக்கிறாங்கடி. உனுக்கு ஒரு நாளு" என்றாள்.

முதல் குகைக்குள் நல்ல இருட்டு, நல்ல குளிர்ச்சி. பாறையிலேயே குடைந்த பெரிய புத்தர், வலக்கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கூட வந்த வேன்காரர் வவுனியாத் தமிழர். "காலைப் பாருங்கோ அக்கா" என்றார். "ரெண்டு காலின்ர விரலும் ஒத்து இருந்தா நித்திரை கொள்ளுறார் எண்டு அர்த்தம். ஒரு கால் கொஞ்சம் பின்னுக்கு இருந்தா, உயிர் போயிட்டுது எண்டு சொல்லுவினம்." ரமீஜா பேஷண்டைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள். "இவரு போயிட்டாரு" என்றாள். வேறொரு குகையில் சின்னதாக இன்னொருவர் படுத்திருந்தார். அவர் விரல்கள் ஒட்டியிருந்தன. "இவரு தூங்குறாரு. நைட் டூட்டி போல."

கமலா வேன்காரரோடு மற்ற குகைகளைப் பார்க்கப் போனாள். நாங்கள் இருவரும் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ரமீஜா கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டாள். காவலாளி வந்து சைகை காட்டினார், புத்தர் இருக்கும் பக்கம் காலை நீட்டக் கூடாதாம். மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் படுத்தாள். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, எழுப்பாமல் போய்விட்டார். நானும் சுவரில் சாய்ந்து தூங்கினேன். யாருக்கோ சமைக்க வேண்டும், யாருக்கோ ரிப்போர்ட் அனுப்ப வேண்டும் என்ற நினைப்பில்லாமல் பகலில் தூங்கியது எனக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான்.

விழித்தபோது அவள் விழித்திருந்தாள். என் கையைப் பிடித்துத் தன் புடவைக்குள், இடது அக்குளுக்குக் கீழே வைத்தாள். செவிலியின் விரலுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கல்லாக இருந்தது. நகரவில்லை.

"எப்போலேர்ந்து?"

"ரம்ஜானுக்கு முன்னாடிலேர்ந்து."

"ஊருக்குப் போன மறுநாளே பாண்டிச்சேரி போறோம்."

"ஷமீனா நிக்காஹ் முடியட்டும்டி. மாப்பிளைக்குத் துபாய்ல ஒரே மாசம்தான் லீவு, தேதிய நவுத்த முடியாது. இப்ப சொன்னா அது கல்யாணமே வேணான்னு என் பக்கத்துல உக்காந்துடும். மூணே மாசம்."

"நீயாடி பேசுற இத? அஞ்சலைய வெயில்ல நின்னு இழுத்துட்டுப் போனவளா நீ?"

"அஞ்சலைக்கு நான் இருந்தேன். எனக்கு நீ இருக்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கையை நீட்டினாள். ஷமீனா, உன் கேள்விக்கு இதுதான் பதில். அந்த மலையிலிருந்தே எனக்குத் தெரியும். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பாசம், விசுவாசம் என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்குக் களைப்பாக இருந்தது. அவளோடு சண்டை போட அன்று என்னிடம் தெம்பில்லை. அவ்வளவுதான். நினைக்க நினைக்கக் கூசுகிறது.

கல்யாணத்தில் ரமீஜா பந்திக்குப் பந்தி ஓடினாள். பிரியாணித் தட்டை வலது கையால் மட்டுமே தூக்கினாள். அது என் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை விமானம் ஏறிய மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "நர்ஸா இருந்துக்கிட்டு இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன், தைரியமில்லை.

மருந்து ஏற்றிவிட்டுப் படுத்திருக்கும் நாட்களில் போர்வையை விலக்கிக் காலைக் காட்டுவாள். "ஸ்டெல்லா, பாருடி. வெரலு ஒட்டியிருக்குதா?"

"ஒட்டித்தான் இருக்குது. தூங்கு."

அன்று கட்டைவிரல்களைத் துணியால் கட்டியபோதும் ஒட்டித்தான் வைத்தேன், ரமீஜா.

போன வாரம் உப்பளத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். மார்புக் கட்டியை ஆறு மாதமாக மறைத்து வைத்திருக்கிறாள். "மருமவளுக்கு வளகாப்பு முடியட்டும் நர்சம்மா. என் புள்ளைக்குச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று உப்பு காய்ந்த கையை நீட்டினாள். எனக்கு அன்றைக்கும் களைப்பாகத்தான் இருந்தது. கையில் அடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் அவள் முன்னாலேயே அவள் மகனுக்குப் போன் போட்டேன். வரப்பில் நின்று என்னைப் பேசாத பேச்சில்லை. துரோகி என்றாள், நீ நல்லா இருப்பியா என்றாள்.

ரமீஜாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இனி யார் கையிலும் அந்தச் சத்தியத்தை நான் அடிக்க மாட்டேன். மறுநாள் பாண்டிச்சேரி பஸ்ஸில் அந்தப் பெண் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வழி முழுக்க ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆனால், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.