முன்னே போய்த் திரும்பி வந்தவர்

அப்பாவைக் கர்த்தர் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அக்காதான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். தக்கலை அச்சகத்திலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானோ ஒரு வரி எழுதுவதும் எழுந்து வாசலுக்குப் போவதுமாக இருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியாத இந்தக் குணம் அப்பா தந்தது. ஆனால் இந்த வாரத் தவிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. அதையும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

அப்பா பிறந்தது தக்கலைக்கு அருகே ஒரு சிறிய விவசாயக் குடும்பத்தில். இளம் வயதிலேயே தகப்பனை இழந்தவர். அவரும் அவருடைய அண்ணனான எங்கள் பெரியப்பாவும் மரச்சீனிக் கிழங்கு சுமந்து சந்தையில் விற்றுப் படித்தார்கள். பிறகு பேருந்து நடத்துநர் வேலை. நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் இடையே வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றுகொண்டே கழித்தார். ஓய்வு பெற்ற பிறகும் நின்றபடியே தேநீர் குடித்தார், நின்றபடியே பத்திரிகை படித்தார். கல்யாண வீடுகளில் மணமக்களை வாழ்த்திவிட்டு முதல் பந்தியிலேயே சாப்பிட்டு, செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். "அத்தானுக்க காலுல சக்கரமாக்கும்" என்று அம்மாவின் தம்பி கேலி செய்வார்.

அம்மாவோடு ஆலயத்துக்குப் போகும்போதும் அதே வேகம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா விறுவிறுவென்று சாலை வளைவு வரை போவார், திரும்பி அம்மாவிடம் வருவார், மறுபடியும் போவார். ஒரே வழியை அம்மா ஒரு தடவை நடப்பதற்குள் அவர் பல தடவை நடந்திருப்பார். "அவிய ஒரு நாளாவது கூட நடந்து வந்தா என்னவாம்?" என்று அம்மா முணுமுணுப்பார். இதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, பக்கத்தில் நடந்து வருகிற ஒருவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

அப்படியே அமைந்தது. நான் மணந்தவர் என்னை விட்டு ஓரடி முன்னே போனதில்லை. உறவினர்கள் மெச்சினார்கள். கடைக்கும் கூட வந்தார், தோழி வீட்டுக்கும் கூட வந்தார், அம்மாவோடு போனில் பேசினால் அங்கேயும் பக்கத்தில் நின்றார். பிறகு தோழி வீட்டுக்குப் போவது நின்றது, வேலை நின்றது, என் போனும் அவர் கைக்குப் போயிற்று. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து அப்பாவை அழைத்து, "அப்பா, என்னால முடியல்ல" என்று மட்டும் சொன்னேன்.

"பொறுத்துப் போவச் சொல்லு" என்று பெரியப்பா தடுத்துப் பார்த்தாராம். அப்பா அடுத்த பேருந்திலேயே வந்துவிட்டார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. காரணம் கேட்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. என்னைப் பார்த்து, "பைய எடு மக்கா" என்றார்.

பேருந்து நிறுத்தம் வரை வழக்கம்போலவே முன்னே போவதும் திரும்பி வருவதுமாக நடந்தார். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அம்மாவுக்கு வாய்த்த மனிதர் யார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"ஆளுவ என்னெல்லாம் சொல்லுவாவ அப்பா?"

"சொல்லட்டு. நான் ஒரு இடத்துல நின்னாத்தான கேக்கதுக்கு?"

நடுச்சாலையில் சிரித்துவிட்டேன். சிரித்துக் கொஞ்ச தூரம் போனதும் அழுகை வந்தது.

கடைசி மாதங்களில் அந்தக் கால்கள் ஓய்ந்துவிட்டன. நோயின் வலியைவிட அதுதான் அப்பாவை வதைத்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த தம்பி, அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து முற்றத்தில் சுற்றிச் சுற்றித் தள்ளினான். "போதும்லே, நீ களைச்சுப் போவ" என்பார் அப்பா. அவன் நிறுத்தினாலோ, ஏன் நிறுத்தினாய் என்பதுபோல் திரும்பிப் பார்ப்பார். அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் தள்ளுவான். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் கோபப்பட்ட தம்பிக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று வியந்தேன்.

இப்போது என் தவிப்புக்கு வருகிறேன். நினைவு நாள் ஜெபத்துக்கு என் கணவர் வீட்டாரையும் பெரியப்பா அழைத்திருக்கிறார். ஜெபம் முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசி, என்னை அவர்களோடு அனுப்பி வைப்பதாக ஏற்பாடு. "எனக்க தம்பி போயாச்சு. இனி பிள்ளைய ஒரு கரை சேக்காண்டாமா?" என்கிறார். பெரியப்பா கெட்டவர் அல்லர். தள்ளாத வயதிலும் அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அப்பா விட்டுப் போன பொறுப்பைத் தான் முடிக்க வேண்டும் என்று நினைக்கிறார். அவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. அதனால்தான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். நேற்று மாலை அம்மா பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நினைவு நாளுக்காக ஊருக்கு வந்திருக்கும் தம்பியும் கூட இருந்தான். அம்மா ஒரு பதில் சொன்னார். "அத மலருலயே போடு அக்கா" என்றான் தம்பி.

அப்பாவுக்காக ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அயல்வீட்டாருக்கும், பெட்டி சுமந்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜெபத்துக்கு வருகிற எல்லாரும், எந்த வீட்டாரானாலும், இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும். அதற்குமேல் பேச வேண்டியது எதுவும் இல்லை. பெரியப்பாவுக்கு அம்மா சொல்லச் சொன்னதை, அம்மாவின் வார்த்தையிலேயே தருகிறேன்:

"அவிய கூட்டீட்டு வந்த பிள்ளையாக்கும். இனி ஒருத்தரும் கூட்டீட்டுப் போவாண்டாம்."