வேதாந்தம் தேடிய கேமரா

மயிலாப்பூர் வடக்கு மாட வீதி வேதாந்தம், முப்பத்திரண்டு வருஷம் புள்ளிவிவர இலாகாவில் உழைத்து ரிடையர் ஆனவர். உழைப்பு என்றால் வீடு வீடாகப் போய், மாசம் எத்தனை கிலோ துவரம்பருப்பு வாங்குகிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டு எழுதிக்கொள்வது. அதில் அவருக்கு ஒரு ஞானம் கிடைத்திருந்தது. பேனாவும் அட்டையுமாக ஓர் ஆள் வாசலில் வந்து நின்றால் போதும், எந்த வீடும் அந்த நிமிஷமே நல்ல வீடாகிவிடும். அதுவரை கத்திக்கொண்டிருந்த மாமியார் மருமகளைக் "கண்ணு" என்பாள். ஜனங்களின் நிஜ குணம் வேண்டுமானால் அவர்களுக்குத் தெரியாமல்தான் பார்க்க வேண்டும் என்பது வேதாந்தத்தின் கட்சி.

தொண்ணூற்றெட்டில் கேபிள் டிவியில் அப்படிப் பார்க்கிற நிகழ்ச்சி ஒன்று வந்து தொலைத்தது. நடுத்தெருவில் ஒருவன் மாம்பழக் கூடையைக் கொட்டுவான். போகிறவர்கள் பொறுக்கிக் கொடுக்கிறார்களா, அமுக்கிக்கொண்டு நழுவுகிறார்களா என்று மறைவிலிருந்து படம் பிடிப்பார்கள். கடைசியில் "அதோ கேமரா!" என்று காட்டி, ஒரு டிபன் கேரியர் பரிசு. ஊரே சிரித்தது. வேதாந்தம் மட்டும் சிரிக்கவில்லை.

"இது வேடிக்கை இல்லடி. நம்மளை வெச்சு சோதனை பண்றா. யார் எதுக்குக் கோவப்படறா, எதுக்கு மசியறான்னு எங்கேயோ ஒரு ரிஜிஸ்தர்ல ஏறிண்டிருக்கு" என்றார் மனைவி சூடாமணியிடம்.

"ஏறட்டும். நீங்க போய் கொத்தமல்லி வாங்கிண்டு வாங்கோ."

அன்றிலிருந்து மனிதர் தெருவில் நடந்துகொண்ட விதமே வேறு. ரேஷன் கடை க்யூவில் முன்னால் நுழைந்தவனைக் கும்பிட்டு வழிவிட்டார். விளக்குக் கம்பங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். ஆட்டோ ஸ்டாண்டு டில்லிபாபு ஒரு நாள் கேட்டே விட்டான்: "இன்னா சார், கம்பத்தாண்ட யாருக்கு டாட்டா காட்டிக்கினு கீற?"

இந்தக் கூத்து தெருவோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவருக்கு ஹம்சினி என்று ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்தொன்பது, தி.நகரில் பாங்க் வேலை. இதுவரை ஒன்பது பேர் வந்து பெண் பார்த்துவிட்டார்கள். ஒன்பது பேரும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்தவர்கள். அதில் இரண்டு பேர் லஸ் கார்னர் ஆட்கள். அங்கிருந்து நடந்தே வந்து பதில் சொல்லலாம். லெட்டர் எதுவும் வரவில்லை. ஹம்சினி ஒவ்வொரு தடவையும் புடவையை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மறுநாள் வேலைக்குப் போனாள். அதைப் பார்க்கத்தான் சூடாமணிக்கு வயிறு எரியும்.

பத்தாவதாக நங்கநல்லூரிலிருந்து பரத்வாஜ் என்ற பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாள் ரிடையரான டீச்சர். கொண்டுவந்த பெரிய ரெக்ஸின் பையை மேஜைமேல் ஹம்சினியைப் பார்த்தாற்போல் வைத்தாள். வேதாந்தத்தின் புருவம் ஏறியது. பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. பையன் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, தட்டைத் தானே எடுத்துப்போய்க் கொல்லைப்புறக் குழாயில் கழுவி வைத்துவிட்டு வந்தான். பெண் பார்க்க வந்தவன் தட்டுக் கழுவி உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? வேதாந்தத்துக்குப் புரிந்துபோயிற்று.

புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெக்ஸின் பையைப் பார்த்து, கணீரென்று, "எங்களுக்கு ஜாதகம் வேண்டாம். பிள்ளையோட சம்பளம் என்னன்னும் நான் கேக்க மாட்டேன். மனசுதான் முக்கியம்" என்றார். சூடாமணி சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டாள்.

"எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்றாள் பரத்வாஜின் அம்மா. லெட்டர் இல்லை, ஆத்துக்குப் போய் இல்லை, அங்கேயே, அப்போதே. அவ்வளவுதான், வேதாந்தம் எழுந்துவிட்டார்.

"போறும்! நடிப்பு பிரமாதம். கேமராவை வெளியில எடுங்கோ" என்று பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார்.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு முழம் மல்லி, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை. கடைசியாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு உருண்டு வந்தது. அதையும் திறந்து பார்த்தார். கண்ணாடிதான்.

ஹம்சினிதான் முதலில் பேசினாள், தரையைப் பார்த்தபடி.

"என்னை ஒருத்தருக்குப் பிடிச்சா, அது நெஜமா இருக்காதாப்பா?"

வேதாந்தம் கண்ணாடிக் கூட்டை மூடி மேஜைமேல் வைத்தார். ஒன்பது பேர் சொல்லாத வார்த்தையை அவரல்லவா இப்போது சொல்லிவிட்டார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

பரத்வாஜ்தான் மெதுவாகச் சிரித்தான். "மாமா, எனக்கும் அந்த டவுட்டுதான். பொண்ணோட அப்பா சம்பளம் கேக்க மாட்டேங்கறார், ஜாதகம் வேண்டாங்கறார். உங்காத்து சுவர்க் கடியாரத்துக்குள்ள கேமரா இருக்குமோன்னு பாத்துண்டே இருந்தேன்."

அவன் அம்மா புடவையைத் திரும்ப மடித்தாள். "சோதனைன்னு சொன்னேளே, அது ஒண்ணும் பொய்யில்ல. என் பென்ஷன் இவ பாங்க்லதான். ஒரு மாசம் பாஸ்புக்கை மறந்தேன், ஒரு மாசம் வேணும்னே கையெழுத்தை மாத்திப் போட்டேன். மூணு மாசம் பாத்தேன். பென்ஷன் க்யூல நிக்கற அத்தனை கிழவிகள்ல என்னை இவளுக்கு ஞாபகம் இருக்காது. ஒரு தடவைகூட இவ மூஞ்சி சுளிக்கலை. அதான் புடவையோடயே வந்தேன்."

வேறு நாளாக இருந்தால் வேதாந்தம் "நான் சொன்னேனா இல்லையா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பார். அன்று கொட்டிய வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்து, பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

தை மாதம் கல்யாணம். தாலி ஏறும் நேரத்தில் வீடியோக்காரன் பெரிய லைட்டை அவர் பக்கம் திருப்பி, "சார், இங்க பாருங்க, கேமரா!" என்றான். கண்ணில் படாத கேமராவுக்கெல்லாம் ஒரு வருஷம் சிரித்து வைத்தவர், கண்ணெதிரே இருந்த கேமராவைப் பார்க்கவில்லை. இப்போதும் அந்தக் கேசட்டைப் போட்டால், பெண்ணுக்குப் பின்னால், முகத்தில் மேல்துண்டைப் பொத்திக்கொண்டு குலுங்குகிற ஒருவரைப் பார்க்கலாம்.