காசியில் விட்ட மீன்

ஆவடி குவார்ட்டர்ஸில் நான் கூடையில் மீன் விற்ற நாட்களில், மீனே வாங்காத ஒருவர் என்னை நிறுத்துவார். நரைத்த மீசை, இஸ்திரி போடாத காக்கிச் சட்டை. "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேட்டு, குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். காசிக்குப் போகிறவர்கள் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார்கள். மனைவி செத்ததும் போனவர், அவள் ஆக்கிப் போட்ட மீனை விட்டுவிட்டு வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டில் பீர்தான் அவருக்கு மிச்சம்.

ஒருநாள் முகம் வாடி வந்தார். "ஏம்மா, மீனோட காத்துப்பையைப் போட்டுத்தான் பீரைத் தெளிய வைக்கிறாங்கன்னு கூட வேலை செய்யறவன் கிண்டல் பண்றான். நிஜமா?"

எனக்கு ஆண்களிடம் நிமிர்ந்து பேச வராது. கூடையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"ஏலம் உடற எடத்துல அத்த நெட்டின்னு தனியா வாங்கிகினு போறாங்க சார். சில பீருக்குப் போடுவாங்கன்னு சொல்லிக்கிறாங்க. உங்க பாட்டிலுக்குப் போட்டாங்களா, எனுக்கு இன்னா தெரியும்? தெளிஞ்சதும் எடுத்துடுவாங்களாம்."

"எடுத்துட்டா இல்லன்னு ஆயிடுமா?" என்றார். "அவளையும்தான் எடுத்துட்டுப் போனாங்க."

அதற்குப் பிறகு பீரையும் விட்டுவிட்டார் என்று அவருடைய பக்கத்து வீட்டம்மா சொன்னாள். என்னை நிறுத்துவதை மட்டும் அவர் விடவில்லை. சங்கரா என்று நான் சொன்னால், "அதுக்கு அவ புளி கொஞ்சம் தூக்கலாப் போடுவா" என்பார்.

மீன் அறுக்கும்போது நெட்டி கையில் தட்டுப்பட்டால், அந்த மனிதர் சனிக்கிழமை சாயங்காலங்களை எப்படிக் கழித்தாரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.